பாண் வண்டியின் முதுகில் எழுதிய பெயர்

மூன்று வருடத்துக்கு முன், பங்குனி மாதத்தில், லுணுகலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நாளைக்கும் நான் அங்கே போய்ப் பாண் விற்க வேண்டும்.

என் தொழில் அதுதான். விடிவதற்கு முன் டவுன் பேக்கரியில் பாணும் இனிப்புப் பணிஸும் மீன் அடைத்த மாலுபாணும் எடுத்து, ஆட்டோவின் பின்னால் பொருத்திய கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பாட்டைப் போட்டபடி தோட்டத்துக்குள் ஏறுவேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் நிறுத்துவேன். சனங்கள் வேலைக்குப் போவதற்குள் விற்றாக வேண்டும். அதனால் எப்போதும் அவசரம்தான், எப்போதும் சத்தம்தான்.

எனக்கு மகள் பிறந்தபோது, பதுளையில் சாத்திரம் பார்ப்பவர் 'ஆ' என்ற எழுத்தைக் கொடுத்தார். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஆனந்தி, ஆர்த்தி, ஆதிரா. எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. நான் படித்த வகுப்பில் என் பெயரோடு நாலைந்து பேர் இருந்தோம். எங்களைப் பிரித்துச் சொல்ல வாத்தியார் ஆளுக்கொரு பட்டம் வைத்தார். எனக்கு ஓட்டைப் பல். பல் முளைத்து, மீசை முளைத்து, கல்யாணமும் ஆன பிறகும் லுணுகலையில் சிலருக்கு நான் ஓட்டைப் பல்தான். என் பிள்ளைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று நினைத்தேன். இந்த ஊவா மாகாணத்திலேயே ஒருத்திக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். போனில் தேடித் தேடி ஒன்றைப் பிடித்தேன்.

ஆழினி.

கடல் போன்றவள் என்று பொருள் போட்டிருந்தது. மலையில் பிறந்த பிள்ளைக்கு எதற்குக் கடல் என்று மாமனார் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் சத்தம் போட்டேன்.

பெயர் வைத்த நாளிலிருந்து அது ஒருவர் வாயிலும் ஒழுங்காக வரவில்லை. கிளினிக்கில் சிங்களத் தாதி அட்டையில் இருந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து "ஆஷினி, ஆஷினி" என்று கூப்பிட்டார். வேறு யாரோ என்று நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். எல்லோரும் போன பிறகுதான் ஊசி போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஷாலினி என்றாள். தோட்டத்தில் ஒட்டுமொத்தமாக ஆளினி. நான் விடவில்லை. பாண் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன். ஆட்டோவின் பின்பெட்டிக்கு மேலே பெரிய சிவப்பு எழுத்தில் அந்தப் பெயரை எழுதியும் வைத்தேன். கண்ணால் பார்த்தாலாவது திருந்துவார்கள் என்று.

இனி அந்தத் திருவிழா நாளுக்கு வருகிறேன். கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. மனைவிக்குக் காய்ச்சல். நாலு வயது மகளை அவளிடம் விட்டுவிட்டுப் போக முடியாமல் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் வாகனம் விட மாட்டார்கள் என்பதால் கீழே, பெரிய வளைவுக்கு அப்பால் ஆட்டோவை நிறுத்திவிட்டு, ஒரு தட்டுப் பணிஸைத் தலையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறினேன். பணிஸ் அன்னதானத்துக்கு என் உபயம். இறக்கி வைத்துவிட்டுச் சாமி கும்பிட்டேன். அப்படியே திரும்பியிருந்தால் எதுவும் நடந்திருக்காது.

கோயில் கமிட்டிப் பொடியன் ஒருவன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

"இன்னைக்கி பணிஸ் ஒபயம் செஞ்ச நம்ம ஆளினி பாண் வண்டி அண்ணனுக்கு ஆத்தா எல்லாச் செல்வத்தையும் குடுக்கணும்!"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டே மைக் மேசைக்குப் போனேன்.

"தம்பி, ஆளினி இல்ல, ஆழினி. நாக்க மேல மடிச்சுச் சொல்லுங்க."

"ஆளினி."

"ழி."

"ளி. அண்ணே, வாழப்பழத்தையே நாங்க வாளப்பழமுன்னுதான் திங்கிறோம். இனிக்கத்தாண்ணே செய்யிது!"

மைக் அணைக்கவில்லை. கூட்டம் முழுவதும் சிரித்தது. மேசைக்குக் கீழே உட்கார்ந்திருந்த தப்படிக்கும் ஆட்களும் சிரித்தார்கள். நான் மைக்கைப் பிடுங்கி, இரண்டு கையாலும் பிடித்து, பெயரைக் கத்திச் சொன்னேன்.

"இப்ப நீங்களும் ளி-ன்னுதாண்ணே சொன்னீங்க," என்றான் அவன்.

மறுபடியும் சிரிப்பு. நான் சரியாகத்தான் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மகள் இல்லை.

முதலில் பயப்படவில்லை, கோபம்தான் வந்தது. எங்கே போய்த் தொலைந்தாள் என்று சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு அந்த மேட்டில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள். தலை மஞ்சள், முகம் மஞ்சள், சட்டை மஞ்சள். யார் மேல் யார் ஊற்றினார்கள் என்று இல்லாமல் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் மகள் பச்சைச் சட்டை போட்டிருந்தாள். பச்சை என்று ஒன்றே அங்கே இல்லை. கையில் அகப்பட்ட பிள்ளைகளைப் பிடித்து முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள் பயந்து அழுதன. பிறகுதான் கீழே கரகம் கரைக்கும் ஆற்றின் இரைச்சல் காதில் விழுந்தது. முந்தின வாரம் நல்ல மழை. பயம் அப்போதுதான் வந்தது.

மைக் பொடியனிடம் ஓடினேன். சிரித்த முகம் அவனுக்கு உடனே மாறிவிட்டது.

"நாலு வயசுப் பொம்பளப் புள்ள காணோம்! ஆளினின்னு பேரு! ஆளினி காணோம்! கண்டவங்க கோயிலடிக்கிக் கொண்டாங்க!"

"ஆழினி," என்றேன் நான். பழக்க தோஷம். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு இளைஞன் ஓடி வந்தான். தோளில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "ஆம்புட்டாச்சு! ஆம்புட்டாச்சு!" என்று கத்தினான். எனக்கு உயிர் வந்தது. வாங்கிப் பார்த்தால் என் பிள்ளை இல்லை. என் பிள்ளையைவிடச் சின்னது. மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது யாரு புள்ள?"

"ஆளினிங்க. நீங்கதானே தேடுறீங்க?"

"எம்புள்ளய எனக்குத் தெரியாதா? இது இல்ல!"

"இவ பேரு ஆளினிதாங்க. எங்க லயத்துப் புள்ள. நீங்களே கேட்டுப் பாருங்களே!"

கேட்டேன். அந்தப் பிள்ளை விக்கி விக்கி, "ஆளினி" என்று சொன்னது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தேடிப் பிடித்த பெயர். இந்த மாகாணத்திலேயே கிடையாது என்று ஊரெல்லாம் பெருமை பேசிய பெயர். அதை மூக்கொழுகும் ஒரு பிள்ளை தன் பெயர் என்று சொல்லி அழுகிறது. அதற்குள் அதன் தாய் வந்து பிள்ளையைப் பறித்தாள். இளைஞனின் முதுகில் இரண்டு வைத்தாள்.

"எங்கம்மா மடியில இருந்த புள்ளைய எதுக்குடா தூக்கிட்டு ஓடுன? எம்புள்ள காணோமுன்னு எந்த எடுபட்ட பய மைக்குல சொன்னான்?"

எடுபட்ட பயல் நான்தான் என்று சொல்வதற்குள் இன்னொரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "எம்புள்ள பேரையும் சொல்றாங்க. என்னா விசயம்? பால்மா ஏதும் குடுக்குறாங்களா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருத்தி, நடக்கப் பழகிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் நின்றாள். அந்தப் பிள்ளையும் ஆளினி.

என்னைப் பரிகாசம் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மைக்கில் நடந்த சண்டைக்குப் பழி வாங்க எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு செய்வது போல இருந்தது.

"வெளயாடுறீங்களா? எம்புள்ள ஆத்துல போயிருச்சோ என்னமோன்னு நிக்கிறேன். ஆளுக்கொரு புள்ளையத் தூக்கிட்டு வந்து ஆளினி ஆளினிங்கிறீங்க!"

முதலில் வந்த தாய்தான் பதில் சொன்னாள். அவள் என் வாடிக்கை. தினமும் ஒரு இறாத்தல் பாண் வாங்குவாள். பெயர் சொல்லிப் பேசியதில்லை.

"யாருங்க வெளயாடுறது? ஒங்க வண்டியில பாத்துத்தாண்ணே வச்சோம். எம்புள்ளைக்கி ஆ-வுல பேரு வைக்கணுமுன்னு பூசாரி சொன்னாரு. என்னா வைக்கிறதுன்னு ரோசிச்சுக்கிட்டே காலையில வெளிய வாறேன், ஒங்க வண்டி திரும்பி நிக்கிது. பெருசா ஆ-ன்னு இருந்துச்சு. ஆத்தாவே எழுதி அனுப்புன மாதிரி. வச்சிட்டேன். எம்புள்ள ஒரு நோய் நொடி இல்லாம வளந்துச்சா, அதப் பாத்து இவ வச்சா. இவளப் பாத்து அவ வச்சா."

"அது என் மகளோட பேரு!"

"அதுக்கென்னா? தேஞ்சா போச்சு?"

"வச்சதுதான் வச்சீங்க, ஒழுங்காவாவது சொல்லக் கூடாதா?"

அந்த நேரத்தில் இதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. வாயில் வந்துவிட்டது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் பத்து மாசம் சொமந்து பெத்த புள்ள. என் வாயில எப்புடி வருதோ அப்புடித்தான் கூப்புடுவேன். அது கெடக்கட்டும். மொதல்ல ஒம்புள்ளயத் தேடுவோம், வாய்யா."

சொல்லிவிட்டுத் தன் பிள்ளையை யாரோ ஒருத்தியின் கையில் திணித்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். ஆண்களை ஆற்றுக்கு அனுப்பினாள். அதன் பிறகு நடந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த தேயிலை மலையில் அந்தப் பெண்கள் கொழுந்து எடுக்கப் போவது போலவே ஆளுக்கொரு நிரை பிடித்து இறங்கினார்கள். ஒரு செடிகூட விடவில்லை. கிளைகளை விலக்கி, குனிந்து அடியில் பார்த்து, அடுத்த செடிக்குப் போனார்கள். நேர்த்திக்குக் கட்டிய சேலை, தலையில் பூ, மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர். ஒவ்வொரு நிரையிலிருந்தும் ஒரு குரல். "ஆளினீ! ஆளினீ!" மலை முழுவதும் அதுதான் கேட்டது.

நானும் ஒரு நிரையில் நின்று கத்தினேன். எனக்குப் பக்கத்து நிரையில் வந்த அந்தத் தாய் திடீரென்று நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா, வீட்டுல புள்ளைய இப்புடித்தான் கூப்புடுவீங்களா?"

நானும் நின்றேன்.

"குட்டிமான்னு கூப்புடுவோம்."

"அட பாவி மனுசா!"

அவள் அங்கிருந்தே கோயிலைப் பார்த்துக் கத்தினாள். மைக்கில் "குட்டிமா, எங்க இருந்தாலும் கோயிலுக்கு வா, அப்பா தேடுறாரு" என்று சொன்னார்கள். கோயில் மேட்டில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு குட்டிமா உண்டு. இரண்டு பிள்ளைகள் மைக் மேசைக்கே போய் நின்றார்கள். என் பிள்ளை மட்டும் வரவில்லை.

ஆற்றுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இனி லுணுகலைக்குப் போய் பொலிஸில் சொல்லலாம் என்று வண்டியை எடுக்கக் கீழே ஓடினேன். அந்தத் தாயும் பின்னால் ஓடி வந்தாள். வண்டியை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பிறகு எல்லோரும் கேட்டார்கள். நாலு வயதுப் பிள்ளை தன்பாட்டில் அவ்வளவு தூரம் இறங்கி, வளைவையும் தாண்டிப் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால்வரை மஞ்சள். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் அதட்டினாள்.

"அப்பா, ஆளினி இங்கதான் இருக்கு."

"யாரு?"

ஹேண்டிலைத் தட்டிக் காட்டினாள். "இதுதான். அந்த மாமா காணோம் காணோமுன்னு கத்துனாருல்ல. ஓடி வந்து பாத்தேன். யாரும் களவெடுக்கல."

மெல்லத்தான் எனக்கு விளங்கியது. நான் மைக்கில் சண்டை பிடித்தபோது அவள் பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் விளையாடத்தான் போயிருக்கிறாள். கூப்பிடு தூரம். ஆளினி காணோம் என்று நாங்கள் அறிவித்த பிறகுதான், ஐயோ வண்டி போய்விட்டதே என்று கீழே ஓடியிருக்கிறாள். காலையில் வண்டி லயத்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் "ஆளினி வருது" என்றுதான் கத்துவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் அவளும் அதைக் கேட்டிருக்கிறாள். ஆயுத பூசைக்கு நான் மாலை போட்டதும் பொட்டு வைத்ததும் அந்தப் பெயருக்குக் கீழேதான். அவளைப் பார்த்து அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அது யாருடைய பெயர் என்று பிள்ளைக்குச் சொல்லவில்லை.

"குட்டிமான்னு மைக்குல கூப்புட்டாங்களே, கேக்கலியா?"

"கேட்டுச்சு. வண்டிய விட்டுட்டு எப்புடி வாறது?"

பின்னால் வந்த தாய் பாதையோர வடிகான் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் எனக்கு ஆறும் போல இருந்தது. யாரைத் திட்டுவது? அவள் எழுந்து மலையைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்து, ஆம்புட்டாச்சு என்று கத்தினாள். அதுவரை மேலே அந்தக் குரல்கள் நிற்கவில்லை. பிறகு ஒவ்வொரு நிரையாக நின்றது. இறங்கி வந்தவர்கள் காலிலெல்லாம் அட்டை. ஒருத்தி தன் காலைப் பார்க்காமல் என் மகளின் கால்களைத் தூக்கிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது, காய்ச்சலில் படுத்திருந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் பேரு வச்சிட்டு வந்திருக்கீங்க. நம்ம புள்ளைக்கி எப்ப வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். மாமனாருக்குச் சத்தம் போட்டது போல அவளுக்குச் சத்தம் போட முடியவில்லை.

அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினோம். வெகு நாளைக்கு மகள் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் வழியாக ஆட்டோவைப் பார்த்தாள். இப்போது பழகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள். இந்த வருடம் அந்தத் தாயின் மகளும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். ஒருத்தி பெரிய ஆளினி, ஒருத்தி சின்ன ஆளினி. அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் வருவார்கள். வண்டியில் இருக்கும் பெயரை அழித்துவிடு என்று சிலர் சொல்கிறார்கள். அழிக்காதே, அது எங்கள் பிள்ளைகளின் பெயரும்தான் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். நான் தேடிப் பிடித்த பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்களா, இல்லை நான் கொடுத்ததை அவர்கள் மதித்தார்களா, எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் கோபம் வருகிறது. சில நாள் பாணோடு ஒரு பணிஸை அந்தப் பிள்ளைகளுக்குச் சும்மா நீட்டிவிட்டு, ஏன் கொடுத்தேன் என்று யோசித்துக்கொண்டே இறங்குகிறேன்.

ஆனால் ஒன்று. யாராவது ஆளினி என்று சொன்னால் திருத்துவதற்கு இன்றைக்கும் வாயைத் திறக்கிறேன். அன்றைக்கு அந்த மலையில் அத்தனை பேரும் என் மகளின் பெயரைத் தப்பாகத்தான் கத்தினார்கள், அவள் கிடைக்கும்வரை ஒருத்தியும் நிறுத்தவில்லை என்ற நினைவு வந்ததும், திறந்த வாயை மூடிக்கொள்கிறேன்.